மேற்படி: ஒரு டேட்டாபேஸ் பெரிய எழுத்துகளை மடித்து வைத்த கதை

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி பதினொன்றரை இருக்கும், போன் வந்தது.

"டிஸ்க் ஃபுல்லுப்பா. ஒரு வருஷம் தாங்கும்னு நீதானே சொன்ன?"

பேசியவர் எங்கள் டீமில் மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணா. கோபப்படத் தெரியாதவர் என்பதால் அந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. ஒரு வருடம் தாங்கும் என்று நான் சொன்ன டிஸ்க் ஏழே வாரத்தில் நிரம்பியிருந்தது. மொட்டை மாடியில் சிக்னல் கிடைக்கிற ஒரே மூலைக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கூடுதல் இடம் சேர்த்து முடிக்க மணி இரண்டாகிவிட்டது. பிரச்சினை தீர்ந்தது. ஆனால் என் கணக்கு எங்கே தப்பியது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் இங்கேயே சிரித்துக்கொள்ளலாம். மக்கள் தங்கள் மொழியில் புகாரும் கேள்வியும் எழுதி அனுப்புகிற ஒரு செயலி. வருவதில் முக்கால்வாசி தமிழ். எல்லாம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் சேரும். எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அளந்து சொல்வது என் வேலை. நான் என்ன செய்தேன் என்றால், ஒரு ஆங்கில வாக்கியத்தை எடுத்து அதையே சில நூறு தடவை ஒட்டி ஒரு 'கடிதம்' தயாரித்தேன். அப்படி லட்சம் கடிதங்களை டேபிளில் கொட்டிவிட்டு அளவைப் பார்த்தேன். நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தது. போஸ்ட்கிரஸ் பிரமாதமாகச் சுருக்குகிறது என்று அறிக்கையில் எழுதினேன். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று கடைசியில் இரண்டால் பெருக்கினேன். அந்த இரண்டைப் பற்றி அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு, போஸ்ட்கிரஸ் பெரிய எழுத்துகளை எப்படி வைக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். மூல நிரல், அதன் குறிப்புகள், வெளியீட்டுக் குறிப்புகள் என்று போய், கடைசியில் அது ஒரு வரலாற்றுப் படிப்பாகவே ஆகிவிட்டது.

*

போஸ்ட்கிரஸின் வயது எனக்கும் என் நண்பர்களுக்கும் ஏறத்தாழ அண்ணன் வயது. 1986-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டம் அது. அதற்கு முன் அவர் கட்டிய டேட்டாபேஸின் பெயர் இன்கிரஸ். அதற்குப் பிறகு வந்ததால் போஸ்ட்-இன்கிரஸ், அப்படியே போஸ்ட்கிரஸ். 90களின் நடுவில் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதற்கு எஸ்க்யூஎல் மொழியைக் கற்றுக்கொடுத்தார்கள். 1996-ல் இன்றைய பெயர் வந்தது. அதன்பின் அது பல்கலைக்கழகத்தின் சொத்தாக இல்லாமல், உலகெங்கும் சிதறிக் கிடந்த தன்னார்வலர்களின் வேலையானது.

அதற்கு ஒரு பிறவிக் குறை இருந்தது. போஸ்ட்கிரஸ் எல்லாவற்றையும் 8192 பைட் கொண்ட பக்கங்களாகத்தான் டிஸ்கில் எழுதும். ஒரு வரிசை ஒரு பக்கத்துக்குள் முடிந்தாக வேண்டும், அடுத்த பக்கத்துக்குத் தாவக் கூடாது. பலசரக்குக் கடை நோட்டில் ஒருவர் பற்றுக்கணக்கை ஒரே பக்கத்துக்குள் முடிக்கச் சொல்வது மாதிரி. சின்னக் கணக்குக்கு அது வசதிதான்: பக்கத்தைப் புரட்டினால் முழுக் கணக்கும் கண்ணெதிரே இருக்கும். பெரிய குடும்பம் வந்தால்தான் தகராறு. இன்றைய யூனிகோட் தமிழில் கணக்குப் போட்டால் 8192 பைட் என்பது முந்நூற்றுச் சொச்சம் சொற்கள். ஒரு சிறுகதை அதில் அடங்காது. இந்தக் கட்டுரை நிச்சயமாக அடங்காது.

அந்தக் காலத்து ஆட்கள் இதை இரண்டு விதமாகச் சமாளித்தார்கள். பக்க அளவை 32 கிலோபைட் என்று மாற்றி, மூல நிரலைத் தாங்களே மறுபடி கம்பைல் செய்துகொள்வது ஒன்று. பெரிய பொருள்கள் என்று பெர்க்லி காலத்திலிருந்தே இருந்த தனி வசதியைப் பயன்படுத்துவது இன்னொன்று. அதில் எழுத்தை வேறு இடத்தில் போட்டுவிட்டு, வரிசையில் அதன் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வரிசையை அழித்தால் பெரிய பொருள் தானாக அழியாது. வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்த பிறகும் அவருடைய பீரோ மாடிப்படிக்குக் கீழே கிடக்கிற மாதிரி கிடக்கும்.

1999-ல் ஜான் வீக் என்ற ஜெர்மானியர் மூன்றாவதாக ஒரு வழியைப் பார்த்தார். பக்கத்தைப் பெரிதாக்குவதற்குப் பதில் எழுத்தைச் சின்னதாக்கினால் என்ன? சுருக்குவதற்கான நிரலை அவரே எழுதினார். அதை வைத்து, தானாகச் சுருங்கிக்கொள்ளும் ஒரு எழுத்து வகையையும் கொண்டுவந்தார். அந்த வகைக்கு ஆயுள் கொஞ்சம்தான், ஏனென்றால் அதற்குள் அவருக்கே அதைவிட நல்ல யோசனை வந்துவிட்டது. முதலில் சுருக்கு. அப்படியும் அடங்காவிட்டால் துண்டு துண்டாக நறுக்கி வேறொரு மறைவான டேபிளில் அடுக்கு. வரிசையில் 18 பைட்டில் ஒரு சீட்டு மட்டும் இருக்கட்டும். வரிசை அழிந்தால் துண்டுகளும் அழியட்டும். பயன்படுத்துகிறவருக்கு இது எதுவும் தெரிய வேண்டாம்.

இதற்கு வைத்த பெயர் டோஸ்ட். நறுக்கிய ரொட்டித் துண்டு என்ற அர்த்தம் தற்செயல் அல்ல. அதிகாரபூர்வக் கையேட்டிலேயே ரொட்டி ஜோக் உண்டு. 2001 ஏப்ரலில் 7.1 பதிப்போடு டோஸ்ட் வெளியானது. எட்டு கிலோபைட் சுவர் இடிந்து, ஒரு மதிப்பு 1 ஜிகாபைட் வரை போகலாம் என்றானது. என்னுடைய ஏழு வாரக் கணக்கு தப்பியதற்குக் காரணமும் இதே டோஸ்டில்தான் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு காரணங்கள்.

*

முதல் காரணம் புரிய, சுருக்குவது என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கிராமம், வட்டம், மாவட்டம், சர்வே எண் எல்லாம் முதலில் ஒரு தடவை விலாவாரியாக வரும். அதற்குப் பிறகு மேற்படி கிராமம், மேற்படி சொத்து, மேற்படியார். இன்னும் பழைய ஆவணங்களில் அந்தச் சொல்லைக்கூட முழுதாக எழுத மாட்டார்கள், ௸ என்று ஒரு சுழி. அவ்வளவுதான் சங்கதி. முன்னால் வந்ததை மறுபடி எழுதாதே, முன்னால் இருக்கிற இடத்தைக் காட்டு.

1977-ல் இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில், டெக்னியான் கல்வி நிலையத்தைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பல், யாக்கோப் ஸிவ் இருவரும் இந்த மேற்படியைக் கணிதமாக்கினார்கள். எழுத்தை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போ. இப்போது வருகிற துண்டு கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், அதை எழுதாமல் 'இத்தனை பைட் பின்னால் போ, இத்தனை பைட் எடு' என்று இரண்டே எண்களை எழுது. ஜிப் கோப்புகள், பிஎன்ஜி படங்கள் எல்லாம் இந்தக் குடும்பத்தின் பேரன் பேத்திகள். ஜான் வீக் எழுதிய சுருக்கியும் அதே குடும்பம்தான். பெயர் பிஜிஎல்இசட்.

பிஜிஎல்இசட்டின் குணங்களைச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். அதற்கு ஞாபகம் குறைவு, பின்னால் 4095 பைட் வரைதான் பார்க்கும். ஒரு மேற்படிக்கு அது எடுக்கும் இடம் இரண்டு பைட், நீளமான பொருத்தம் என்றால் மூன்று. (நம் ௸ இன்று யூனிகோடில் மூன்று பைட் பிடிக்கிறது. சுருக்குவதற்காகப் பிறந்த குறி, சுருக்கியைவிட அதிக இடம் கேட்கிறது.) ஒரே மேற்படியில் அதிகபட்சம் 273 பைட்டைக் காட்டலாம். சுருக்கியதில் 25 சதவீதமாவது மிச்சமாகாவிட்டால் முயற்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலத்தையே வைத்துக்கொள்ளும். பொறுமையும் குறைவு. முதல் 1024 பைட்டுக்குள் ஒரு பொருத்தம்கூடச் சிக்கவில்லை என்றால், இது தேறாது என்று எழுந்து போய்விடும். குறையாகச் சொல்லவில்லை. டேட்டாபேஸில் ஒவ்வொரு எழுதுதலின்போதும் இந்த வேலை நடக்க வேண்டும். நிதானமாக உட்கார்ந்து யோசிக்கிற சுருக்கி அங்கே உதவாது.

இப்போது என் 'கடிதத்துக்கு' வருகிறேன். ஒரே வாக்கியம் சில நூறு தடவை. முதல் வாக்கியத்தை எழுதியாயிற்று, மீதி எல்லாம் மேற்படி, மேற்படி, மேற்படி. 273 பைட்டுக்கு மூன்று பைட், எட்டு மேற்படிக்கு ஒரு பைட் அடையாளச் செலவு. வகுத்துப் பார்த்தால் சுமார் 87 மடங்கு. பிஜிஎல்இசட்டால் எட்டக்கூடிய உச்சமே அதுதான். ஒரே எழுத்தைப் பத்து லட்சம் தடவை எழுதிக் கொடுத்தால் சுமார் 11 கிலோபைட்டில் மடித்து வைத்துவிடும். அந்த உச்சத்தைத்தான் நான் அளந்திருக்கிறேன். அந்த சுருக்கியின் கூரை உயரத்தை அளந்துவிட்டு, இதுதான் வீட்டில் இருப்பவர்களின் உயரம் என்று அண்ணாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, சீரற்ற எண்களைக் கொட்டி அளப்பவர்களும் உண்டு. அவர்கள் தரையை அளக்கிறார்கள். எதுவுமே சுருங்காது, சுருக்கி உபயோகமில்லை என்று முடிவு கட்டுவார்கள். மனிதர்கள் எழுதுவது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

*

இந்தக் கேள்வி சுருக்கி ஆய்வாளர்களுக்கும் வந்திருக்கிறது. ஆளாளுக்கு ஒரு கோப்பை வைத்துக்கொண்டு 'என் சுருக்கிதான் பெரிது' என்றால் எப்படி ஒப்பிடுவது? 1987-ல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல், இயன் விட்டன், ஜான் கிளியரி மூவரும் ஒரு பொதுக் கோப்புத் தொகுப்பை உருவாக்கினார்கள். இனி எல்லோரும் இதைச் சுருக்கிக் காட்டுங்கள் என்பது ஏற்பாடு. அதில் முதல் புத்தகம் எது தெரியுமா? தாமஸ் ஹார்டியின் 'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரவுட்' நாவல். 7,68,771 பைட். இலக்கிய மாணவர்கள் அந்த நாவலை எத்தனை தடவை படித்திருப்பார்களோ, அதைவிடப் பல மடங்கு அதிகமாகக் கணினிகள் அதைப் 'படித்திருக்கும்', ஒரு சொல்கூடப் புரியாமல்.

அதன் வாரிசாக 1997-ல் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு தொகுப்பு வந்தது. அதில் ஆலிஸின் அற்புத உலகம், ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம், மில்டனின் காவியம் எல்லாம் உண்டு. 2003-ல் போலந்தின் செபாஸ்டியன் டியோரோவிச் சைலீசியா தொகுப்பைக் கொண்டுவந்தார். அவர் டிக்கன்ஸோடு நிற்கவில்லை. தன் மொழியிலிருந்து ரேமான்ட்டின் நாவலையும் உள்ளே வைத்தார், 1924-ல் நோபல் பரிசு வாங்கிய அதே ரேமான்ட். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. அளவுகோல் செய்கிறவர் தன் வீட்டு அரிசியிலும் ஒரு பிடி போட்டு வைத்தால்தான் என்ன?

இந்த மூன்று தொகுப்புகளிலும் தமிழ் இல்லை. யாரும் சதி செய்யவில்லை, அவரவர் கையில் இருந்ததை அவரவர் போட்டார்கள். ஆனால் தமிழ் டிஸ்கில் இறங்கும்போது ஆங்கிலத்தைப் போல நடந்துகொள்வதில்லை. எப்படி என்பதற்கு இன்னொரு சின்னக் கதை வேண்டும்.

1992 செப்டம்பரில், நியூஜெர்ஸியில் ஒரு உணவகத்தில் ராப் பைக்கும் கென் தாம்சனும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். உலக மொழிகளின் எழுத்துகளை எல்லாம் பைட்டுகளாக எழுத ஒரு முறை தேவைப்பட்டது. தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் தாம்சன் அதை வரைந்தார். அதுதான் இன்று இணையம் முழுக்க ஓடும் யூடிஎஃப்-8. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். கிரேக்கம், ரஷ்யன், அரபு, லெம்பலும் ஸிவ்வும் பேசிய ஹீப்ரு ஆகியவற்றுக்கு இரண்டு. யூனிகோட் வரிசையில் அதற்கும் பின்னால் நிற்கிற தமிழுக்கு மூன்று. திஸ்கி எழுத்துருக் காலத்தில் ஒரு குறிக்கு ஒரு பைட்தான் ஆனது. பழைய ஆட்கள் யூனிகோடுக்கு மாற மூக்கால் அழுததில் இதுவும் ஒரு காரணம்.

'தமிழ்' என்று எழுதுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. டிஸ்குக்கு 15 பைட். அந்த 15 எண்களையும் எழுதிக் காட்டுகிறேன்:

224 174 164, 224 174 174, 224 174 191, 224 174 180, 224 175 141.

பார்த்தீர்களா? ஒவ்வொரு மூன்றிலும் முதல் எண் 224. இரண்டாவது எண் 174 அல்லது 175, எந்தத் தமிழ் எழுத்தானாலும் இவ்வளவுதான். எழுத்தின் உயிர் மூன்றாவது எண்ணில்தான் இருக்கிறது. முன்னால் உள்ள இரண்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்பாக 'நான் தமிழ், நான் தமிழ்' என்று கட்டியம் கூறிக்கொண்டு வருகின்றன.

சுருக்கிக்கு இது விருந்து. பிஜிஎல்இசட் நான்கு நான்கு பைட்டாக வைத்துத்தான் பொருத்தம் தேடும். ஒரு முழுத் தமிழ் எழுத்தும் அடுத்த எழுத்தின் 224-ம் சேர்ந்தாலே நான்கு ஆகிவிட்டது. அதனால் சொற்கள் திரும்ப வராவிட்டாலும், தனி எழுத்து திரும்ப வந்தாலே மேற்படி போட்டுவிடலாம். இதுதவிர கிறார்கள், வேண்டும், இருந்தது என்று நம் வால்கள் வேறு திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே சுருக்க விகிதம் என்ற எண்ணை மட்டும் பார்த்தால் தமிழ் ஆங்கிலத்தை ஜெயித்த மாதிரியே தெரியும். தெரியத்தான் செய்யும். முதலில் மூன்று மடங்கு ஊதிவிட்டு அதற்குப் பிறகு காற்றைப் பிடுங்கினால் யாருக்குத்தான் விகிதம் நன்றாக வராது? டிஸ்க் விற்கிறவர் விகிதத்துக்குக் காசு வாங்குவதில்லை, மிஞ்சிய பைட்டுக்குத்தான் வாங்குகிறார்.

ஞாபகக் கணக்கிலும் நமக்குக் குறைவுதான். 4095 பைட் பின்னோக்கிப் பார்க்கும் சுருக்கி, ஆங்கிலம் என்றால் 4095 எழுத்துகளை ஞாபகம் வைத்திருக்கும். தமிழ் என்றால் 1365 யூனிகோட் குறிகள், நடுவில் வரும் இடைவெளிகளால் கொஞ்சம் கூடலாம். ஒரு நீளப் பத்தி தாண்டினால் மறந்துவிடும்.

*

இனி எனக்கு ஆறுதல் தந்த கதை. போஸ்ட்கிரஸைக் கட்டிய மேதைகளே அளப்பதில் தடுமாறிய கதை என்பதால்.

2014-ல் 9.4 பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. அதன் நட்சத்திரம் ஜேசன்பி என்ற புதிய தரவு வகை. அதற்கு முன் ஜேசன் ஆவணங்களை வெறும் எழுத்தாகவே வைத்திருந்தார்கள். ஒரு புலத்தைத் தேட ஒவ்வொரு தடவையும் முழு எழுத்தையும் பிரித்துப் படிக்க வேண்டும். ஜேசன்பி ஆவணத்தை முன்பே பிரித்து, எது எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தோடு வைக்கும். ஓலெக் பார்ட்டுனோவ், தியோடர் சிகாயெவ், அலெக்ஸாந்தர் கோரோட்கோவ், ஆண்ட்ரூ டன்ஸ்டன் போன்றவர்களின் உழைப்பு. அதைச் சேர்த்ததே வேகத்துக்காகத்தான். மே மாதம் முதல் பீட்டா வந்தது.

ஆகஸ்டில் ஒரு பயனர் தன் சொந்த ஆவணங்களைப் போட்டுப் பார்த்தார். பழைய ஜேசனாக வைத்தால் சுருங்குகிறது, அதே ஆவணம் ஜேசன்பி ஆனால் சுருங்கவே மாட்டேன் என்கிறது. இது ஏன்?

டாம் லேன் காரணத்தைக் கண்டுபிடித்தார். போஸ்ட்கிரஸில் எதைப் புரட்டினாலும் கடைசியில் வந்து நிற்கும் பெயர் அது. ஜேசன்பி மதிப்பின் தலைப்பகுதியில் பொருளடக்கம் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பும் எந்த இடத்தில் முடிகிறது என்ற எண், ஒவ்வொன்றும் 4 பைட். 12, 19, 31, 40 என்று ஏறிக்கொண்டே போகும். ஏறிக்கொண்டே போகிற எண் திரும்ப வராது. 256 உறுப்புகள் இருந்தால் முதல் 1024 பைட்டும் இந்தப் படிக்கட்டுதான். பிஜிஎல்இசட்டின் பொறுமை எத்தனை பைட் என்று மேலே சொன்னேன், அதே 1024. அது வந்து பார்க்கும், ஒரு பொருத்தமும் கிடைக்காது, எழுந்து போய்விடும். படிக்கட்டுக்குப் பின்னால் நன்றாகச் சுருங்கக்கூடிய எழுத்து மலைபோல் குவிந்திருப்பது அதற்குத் தெரியாது.

இதில் யாருடைய தவறு என்று யோசித்துப் பாருங்கள். 1024-ல் கைவிடு என்ற விதி நியாயமானது. எந்த உறுப்புக்கும் நேராகத் தாவ வசதியாக முடிவிடங்களை முன்னால் அடுக்கியதும் நியாயமானது. இரண்டு நியாயங்களுக்கும் நடுவே சில வருட இடைவெளி. இரண்டும் ஒரே பைட்டுகளின் மேல் சந்தித்ததை யாரும் பார்க்கவில்லை. சின்ன ஆவணங்களில் பொருளடக்கமும் சின்னது, ஆயிரம் பைட்டுக்கு முன்பே முடிந்துவிடும், ஆகவே சோதனை ஜெயிக்கும். யாரோ ஒருவர் தன் வீட்டு ஆவணத்தைக் கொண்டுவந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

எனக்கு அந்தச் சில வாரங்கள்தான் இந்த வரலாற்றின் விறுவிறுப்பான பகுதி. வெளியீடு நெருங்குகிறது. இப்படியே வெளியிட்டுவிட்டால் அந்த வடிவம் உலகத்தின் டிஸ்குகளில் இறங்கிவிடும், அப்புறம் திரும்பப் பெற முடியாது. மாற்றினால் பீட்டாவை நம்பித் தரவு ஏற்றியவர்கள் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். சுருக்கியின் பொறுமையைக் கூட்டலாமா, பொருளடக்கத்தைக் கடைசிக்குத் தள்ளலாமா, ஏறும் எண்ணுக்குப் பதில் வெறும் நீளங்களை வைக்கலாமா? நீளங்கள் என்றால் 7, 12, 7, 7 என்று திரும்ப வரும், சுருக்கிக்குப் பிடி கிடைக்கும். ஆனால் நூறாவது உறுப்பு எங்கே என்று கேட்டால் முதல் தொண்ணூற்றொன்பதின் நீளங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். எந்த வேகத்துக்காக ஜேசன்பி பிறந்ததோ அதில் கை வைப்பதாகும்.

கடைசியில் வந்த தீர்வு நடுத்தரக் குடும்பத்துத் தீர்வு. பெரும்பாலும் நீளம் வைப்போம், 32-க்கு ஒன்று மட்டும் முடிவிடம் வைப்போம். ஊர்ச் சாலையில் மைல்கல் நடுகிற மாதிரி. அதிகம் போனால் முப்பத்தொன்றைக் கூட்டினால் போதும். அக்டோபரில் வந்த மூன்றாவது பீட்டாவில் வடிவம் மாறியது. 2014 டிசம்பர் 18 அன்று 9.4 வெளியானது. இன்று உலகத்தில் எத்தனையோ நிறுவனங்களின் ஜேசன்பி டேபிள்கள் அந்த மைல்கற்களோடுதான் இருக்கின்றன, வைத்திருப்பவர்களுக்கே தெரியாமல்.

இதற்குப் பின் நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2011-ல் யான் கோலே என்ற பிரெஞ்சுக்காரர் எல்இசட்4 என்ற சுருக்கியை வெளியிட்டார். அதே லெம்பல்-ஸிவ் குடும்பம், வேகமே குறி, ஞாபகமும் 65,535 பைட் வரை. அதைப் போஸ்ட்கிரஸுக்குள் கொண்டுவரும் வேலையை திலீப் குமார் செய்தார், ராபர்ட் ஹாஸ் உள்ளே சேர்த்தார். 2021 செப்டம்பரில் 14-ம் பதிப்போடு அது வந்தது, வேண்டுமென்றால் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்ற அளவில். டேபிளின் அமைப்பை எல்இசட்4-க்கு மாற்றினாலும் பழைய மதிப்புகள் பிஜிஎல்இசட்டிலேயே கிடக்கும், புதிதாக வருபவை மட்டும் புது முறையில் சுருங்கும். அமைப்பை மாற்றிவிட்டு அதே டேபிளை அளந்து 'ஒரு வித்தியாசமும் இல்லையே' என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*

என் இரண்டாவது காரணம் பாக்கி இருக்கிறது.

டோஸ்ட் எப்போது விழித்துக்கொள்ளும்? ஒரு வரிசை ஏறத்தாழ 2 கிலோபைட்டைத் தாண்டும்போதுதான். அதற்குக் குறைந்தால் சுருக்க முயற்சியே கிடையாது, அப்படியே வைத்துவிடும். என் போலிக் கடிதங்கள் எல்லாம் பத்தாயிரம் பைட்டுக்கு மேல். நிஜமான மனிதர்கள் எவ்வளவு எழுதுவார்கள்? அளக்க உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை வந்து குவிந்திருந்த கடிதங்களிலிருந்தே ஒரு பிடி அள்ளினேன். அதிலும் ஒரு தடுக்கல். பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் மறைத்துத்தான் எனக்குத் தந்தார்கள். பெயர் வரும் இடமெல்லாம் 'பெயர்' என்று போட்டிருந்தார்கள். அதுவே திரும்பத் திரும்ப வரும் சொல்லாகி, சுருக்கிக்குச் சலுகை கொடுத்தது. வெவ்வேறு நீளத்தில் பொய்ப் பெயர்கள் போட்டு மறுபடி வாங்கினேன்.

அளக்கப் போஸ்ட்கிரஸிலேயே கருவிகள் இருக்கின்றன. லெங்த் என்று கேட்டால் 'தமிழ்' ஐந்து என்கும். ஆக்டெட் லெங்த் 15 என்கும். பிஜி காலம் சைஸ் (இந்தக் காலம் நேரமல்ல, டேபிளின் நெடுவரிசை) டேபிளில் இருக்கும் சொல்லுக்கு, தலைப்பு ஒரு பைட்டையும் சேர்த்து 16 என்கும். நம் கண் சொல்லும் மூன்றைச் சொல்வதற்கு அங்கே ஆளில்லை. முன்பு நான் டேபிளின் மொத்த அளவை மட்டும் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு கடிதத்துக்கும் 15-க்கும் 16-க்கும் இடையே உள்ள அந்த உறவைப் பார்த்தேன். சுருங்கியிருந்தால் இரண்டாவது எண் முதல் எண்ணைவிடச் சின்னதாக இருக்க வேண்டும்.

வரிசை வரிசையாக, பெரும்பாலான கடிதங்களில் இரண்டாவது எண்தான் பெரிது. சுருங்கவே இல்லை. 2 கிலோபைட் என்பது தமிழில் எழுபது, எண்பது சொற்கள். "ஐயா, மூன்று மாதமாகப் பணம் வரவில்லை, தயவுசெய்து பார்க்கவும்" என்று எழுதுகிறவருக்கு எழுபது சொல் எதற்கு? 87 மடங்கு சுருங்கும் என்று நான் கணக்குப் போட்டவை ஒரு மடங்குகூடச் சுருங்காமல், மூன்று மூன்று பைட்டாக, 224 224 என்று கட்டியம் கூறிக்கொண்டு அப்படியே படுத்திருந்தன.

அண்ணாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். 11-ம் பதிப்பிலிருந்து அந்த 2 கிலோபைட் எல்லையை டேபிளுக்கு டேபிள் இறக்கிக்கொள்ளலாம், 128 பைட் வரைகூட, என்றேன். அவர் எண்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இறக்கினா எழுதுறப்பெல்லாம் சுருக்கணும். படிக்கிறப்பெல்லாம் விரிக்கணும். எவ்ளோ மிச்சம்?"

சொன்னேன்.

"டிஸ்க் வாங்கிக்கலாம்பா. இப்பதான் எவ்ளோ வாங்கணும்னு தெரியுதே."

அளவைப் பட்டியலை மூடுவதற்கு முன், எது அதிகமாகச் சுருங்கியிருக்கிறது என்று ஒரு தடவை வரிசைப்படுத்திப் பார்த்தேன். வேலைக்காக இல்லை, சும்மா. முதலில் வந்த கடிதம் நீளமானது, தன் அளவில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே மடிந்திருந்தது. திறந்து படித்தேன். ஒருவர் தன் ஐந்தாவது மனுவை எழுதியிருக்கிறார். முந்தைய நான்குக்கும் பதில் வராததால், நான்கையும் தேதியோடு அப்படியே கீழே ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு மனுவும் 4095 பைட்டுக்குள் இருந்ததால் பிஜிஎல்இசட்டுக்கு முந்தையது ஞாபகம் இருந்திருக்கிறது; ஐந்து மனுக்களையும் கிட்டத்தட்ட ஒரு மனுவின் இடத்தில் மடித்து வைத்திருக்கிறது. அந்த வரிசையின் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, சப்போர்ட் டீமில் இருக்கும் தோழிக்கு அனுப்பினேன்.